நம் பூண்டு, பிரெஞ்சுப் பக்குவம்: மூணாறு பக்கம் பிரெஞ்சு உணவகத்துக்குச் சாப்பிடப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மூணாறில் இருக்கும் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் பின்வாசல் மட்டும்தான் மூன்று வருடமாக எனக்குத் தெரிந்திருந்தது. வட்டவடைப் பக்கம் எங்கள் கோவிலூரிலிருந்து வாரம் இரண்டு நடை ஜீப்பில் கேரட், உருளை, பீன்ஸ், மலைப்பூண்டு கொண்டுபோய் மூணாறில் இறக்குவேன். எடை பார்ப்பார்கள், சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். உள்ளே என்ன சமையல் என்று கேட்டால் "பிரெஞ்சு முறை, ஆனா சாமான் எல்லாம் உங்க ஊருதுதான் தம்பி" என்பார் மாஸ்டர். நம் வட்டவடைப் பூண்டு அவர் கையில் என்னவாகிறது என்று ருசி பார்க்க ஆசைதான். முன்வாசல் வழியாக உள்ளே போகத்தான் கால் வரவில்லை. மெனு கார்டு புரியுமா, முள்கரண்டி பிடிக்க வருமா, பில் எவ்வளவு நீளுமோ என்ற தயக்கம்.

போன தை மாதம் அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அதன்பிறகு பல தடவை போயாகிவிட்டது, வேறு ஊர்களிலும் இதே மாதிரிக் கடைகளில் சாப்பிட்டாகிவிட்டது. மறையூர், காந்தளூர், வட்டவடை, தேவிகுளம் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பலர் என்னைப்போலவே தயங்கி நிற்பது தெரிந்துதான் இதை எழுதுகிறேன். அந்தத் தட்டில் வருவதில் பாதி நம் தோட்டத்தில் விளைந்தது. அதைப் பற்றிக் கேட்கவும், வேண்டும் வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு முழு உரிமை உண்டு. சமைக்கும் முறைதான் புதிது. அதை ஒரு மதியத்தில் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் கடையை எடை போடுங்கள்

"உள்ளூர்ப் பொருளில் பிரெஞ்சு உணவு" என்று போர்டு எழுதுவது சுலபம். உண்மையா என்று பார்க்க நான் இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, மெனு கார்டின் நீளம். உண்மையாகவே அன்றன்று வருவதை வைத்துச் சமைக்கிற கடையில் கார்டு ஒரு பக்கம்தான் இருக்கும். பலகையில் சாக்கட்டியால் எழுதிவைப்பவர்களும் உண்டு. பத்துப் பக்கம் லேமினேட் செய்த கார்டை வருடம் முழுக்க மாற்றாமல் வைத்துக்கொண்டு உள்ளூர் விளைச்சல் என்று சொல்லமுடியாது. நம் மலையில் எந்தக் காய் எப்போது வரும், எப்போது வராது என்று நமக்குத் தெரியுமே.

இரண்டாவது, போனில் ஒரே ஒரு கேள்வி: "இந்த வாரம் எங்கேயிருந்து என்ன வந்திருக்கு?" தெரிந்தவர்கள் ஊர்ப்பெயரோடு சொல்வார்கள். காந்தளூர்ப் பூண்டு, மறையூர் வெல்லம், வட்டவடை உருளை, கொச்சியிலிருந்து மீன் என்று. "எல்லாமே ஃப்ரெஷ் சார்" என்பது மட்டும் பதிலாக வந்தால் நான் அந்தக் கடைக்கு அவசரப்படமாட்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊர்ப்பெயர் விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்கள். ரோக்ஃபோர் என்ற ஊரின் குகைகளில் முதிரவைத்த பாலாடைக்கட்டிக்குத்தான் அந்தப் பெயர் என்று 1925லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஷாம்பெய்னும் அப்படித்தான். மண்ணும் தண்ணீரும் குளிரும் சேர்ந்து ஒரு பொருளுக்குக் கொடுக்கிற குணத்தை அவர்கள் 'தெர்வார்' என்கிறார்கள். நாம் மண்வாகு என்று சொல்வதற்குப் பக்கத்தில் வருகிற சொல். நமக்கும் 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் குறியீடு கிடைத்தது, காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கும் கிடைத்திருக்கிறது. ஆகவே இந்த இரண்டும் ஒரு பிரெஞ்சு மெனுவில் ஊர்ப்பெயரோடு வந்தால், அந்த முறைக்கு நியாயமான மரியாதையைத்தான் செய்கிறார்கள்.

போனில் பேசி இடம் பிடிப்பது

இந்த மாதிரிக் கடைகளில் மேசை குறைவு. நேராகப் போய் நிற்காதீர்கள். ஒரு நாள் முன்னாடியே போன் செய்யுங்கள். மலையாளத்தில் பேசினாலும் தமிழில் பேசினாலும் இந்தப் பக்கம் யாரும் முகம் சுளிப்பதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள் என்பதே என் யோசனை. மூன்று பதார்த்தம் சாப்பிட்டு எழ ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். எங்கள் பக்கம் பாம்பாடும்சோலை வழியாகவும், உடுமலைக்காரர்கள் சின்னார் வழியாகவும் காட்டுக்குள்தான் திரும்பவேண்டும். செக்போஸ்ட் இருக்கிறது, யானை இருக்கிறது, பனி இறங்கிவிட்டால் பாதையே தெரியாது. கேட் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மேலும், மதியத்தில் 'செட் மெனு' போடுகிற கடைகள் பல உண்டு. இரவுச் சாப்பாட்டைவிட விலை இறங்கியிருக்கும்.

போனில் சொல்லியே ஆகவேண்டிய விஷயம், யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்பது. எனக்கு இதில் ஒரு அனுபவம் உண்டு. அது வேறு ஊரில், வேறு கடை. பெரியம்மா சுத்த சைவம். நான் போனில் "வெஜ் ஒருத்தர்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். வெங்காய சூப் வந்தது, வெங்காயம்தானே என்று நாலு கரண்டி சாப்பிட்டார்கள். பிறகு சர்வரிடம் கேட்டபோது, அது மாட்டெலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்வது என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது.

அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரெஞ்சுச் சமையலின் அடிப்படையே 'ஃபோன்' (fond), அதாவது எலும்பும் காய்களும் மணிக்கணக்கில் வேகவைத்து வடிகட்டிய சாறு. நம் சாம்பாருக்குப் பருப்புத் தண்ணீர் மாதிரி, அங்கே எல்லாவற்றுக்கும் அது. காய்கறி சூப்பிலும் அது போகலாம், சாஸிலும் போகலாம். 'ஜூ' என்று எழுதியிருந்தால் இறைச்சிச் சாறு. 'கோன்சொமே' என்பது கண்ணாடி மாதிரித் தெளிந்த சூப். பார்க்கத் தண்ணீர் போல இருந்தாலும் இறைச்சிச் சாற்றை முட்டை வெள்ளைக்கருவும் கொத்துக்கறியும் போட்டுத் தெளியவைத்தது அது. 'கீஷ் லொரேன்' என்பது மாவுத் தட்டில் முட்டைக் கலவை ஊற்றிச் சுடுவது, அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். பார்மேசான், க்ரூயேர் போன்ற பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற உறையை ஊற்றித்தான் திரிய வைக்கிறார்கள். ஜெல்லி மாதிரி ஆடுகிற இனிப்பில் ஜெலட்டின் இருந்தால் அதுவும் விலங்கிலிருந்து வந்ததுதான். இனிப்பில் முட்டை இல்லாததைத் தேடிப்பிடிக்கவேண்டும்.

ஆகவே "வெஜ்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "எலும்புச் சாறு கூடாது, முட்டை கூடாது, ஜெலட்டின் கூடாது. சூப்புக்குக் காய்த் தண்ணீர்தான் ஊத்தணும். முடியுமா?" முன்னாடியே தெரிந்தால் தனியாக வைத்துத் தருவார்கள். அன்றைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்யமுடியாது, காலையிலேயே சாறு கொதித்து முடிந்திருக்கும்.

அசைவக்காரர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கேரளத்தில் 'ஸ்டேக்' என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. சாப்பிடாதவர்கள் எந்தக் கறி என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சாஸில் ஒயின் சேர்ப்பதும் வழக்கம், கொதித்தாலும் முழுக்கப் போய்விடாது. வேண்டாதவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். நிலக்கடலை, இறால், பால் எதற்காவது ஒவ்வாமை இருந்தால் போனில் ஒரு தடவை, மேசையில் ஒரு தடவை என இரண்டு தடவை சொல்லுங்கள்.

உடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். துவைத்த வேட்டி சட்டை போதும். பெரியம்மா சுங்குடிச் சேலையில்தான் வந்தார்கள். குளிர்காலமானால் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், ஜன்னலோரம் கேட்டு வாங்கினால் கண்டிப்பாகத் தேவைப்படும்.

மெனு கார்டைப் படிப்பது

கார்டு பெரும்பாலும் மூன்று பகுதியாக இருக்கும். 'ஆந்த்ரே' என்றால் முதலில் வருவது. அமெரிக்கர்கள் இதே சொல்லைப் பிரதான உணவுக்குச் சொல்வதால் சில கடைகளில் குழப்பம் வரும், சர்வரிடம் கேட்டுவிடுங்கள். 'ப்ளா' என்பது நடுவில் வரும் பெரிய தட்டு. 'தெஸேர்' இனிப்பு. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே விலை போட்டிருந்தால் 'ப்ரி ஃபிக்ஸ்', அதாவது செட் மெனு. தனித்தனியாக விலை போட்டிருந்தால் 'ஆ லா கார்த்'. ஏழெட்டுச் சின்னச் சின்னத் தட்டாக மாஸ்டர் விருப்பப்படி வருவது 'தெகுஸ்தாசியோன்'. முதல் தடவைக்கு அது வேண்டாம். நேரமும் பிடிக்கும், பணமும் பிடிக்கும், வீட்டுப் பெரியவர்களால் அவ்வளவு நேரம் உட்காரவும் முடியாது. 'ப்ளா து ஜூர்' என்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். அன்றைய சிறப்பு அது. காலையில் நான் இறக்கிய காய் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

கறியின் பெயர்களில் நாலைந்தைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். 'புலே' கோழி, 'கனார்' வாத்து, 'அன்யோ' ஆட்டுக்குட்டி, 'போஃப்' மாடு, 'போர்' பன்றி, 'லாபேன்' முயல், 'பொவாசோன்' மீன்.

சமையல் முறைச் சொற்களில் நமக்குப் பிரயோஜனமானவை சில உண்டு, அவற்றை நம் சரக்கை வைத்தே சொல்கிறேன்.

கேரட் சூப்புக்கு 'பொத்தாஜ் கிரேஸி' என்று பெயர். கிரேஸி என்பது ஊர்ப்பெயர், மெனுவில் அந்தச் சொல் வந்தால் கேரட் என்று வைத்துக்கொள்ளலாம். 'பார்மாந்தியே' என்று வந்தால் உருளைக்கிழங்கு. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அந்துவான் ஓகுஸ்தேன் பார்மாந்தியே, 1737இல் பிறந்தவர், ராணுவத்தில் மருந்தாளராக இருந்தவர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் (இன்றைய ஜெர்மனிப் பக்கத்து ஆட்கள்) சிறைப்பட்டு, அங்கே உருளைக்கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தார். அப்போது பிரான்சில் அதை மாட்டுக்கும் பன்றிக்கும் போடுவார்கள், மனிதர் தின்றால் நோய் வரும் என்று பயம். திரும்பி வந்தவர் அந்தப் பயத்தைப் போக்குவதற்காக வாழ்நாள் முழுக்க மெனக்கெட்டார். 1772இல் பாரிஸ் மருத்துவத் துறையினர் உருளை சாப்பிடத் தகுந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். உருளை போட்டு வாழும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இந்தப் பெயரை மெனுவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

உருளையில் 'க்ராத்தான் டோஃபினுவா' இருந்தால் வாங்கிவிடுங்கள். கிழங்கைத் தாளாகச் சீவி, பூண்டு தேய்த்த பாத்திரத்தில் அடுக்கி, பாலும் க்ரீமும் ஊற்றி அடுப்பில் சுட்டது. மேலே பொன்னிறமாக ஏடு கட்டியிருக்கும், உள்ளே கரண்டி போட்டால் வெண்ணெய் மாதிரி இறங்கும். காரமே இருக்காது. முதல் வாயில் சப்பென்று தெரிந்தாலும் பொறுங்கள், மூன்றாவது வாயில் கிழங்கின் ருசி தனியாக எழுந்து வரும். மசாலா போட்டே தின்று பழகிய நமக்குக் கிழங்குக்கென்று ஒரு தனி ருசி இருப்பதே அப்போதுதான் தெரிகிறது.

பூண்டு 'கான்ஃபி' என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் நான் முதல் நாள் வாங்கினேன். கான்ஃபி என்றால் கொழுப்பிலோ எண்ணெயிலோ மூழ்கவைத்து, கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் வெகுநேரம் வேகவிடுவது. வாத்தை அதன் கொழுப்பிலேயே இப்படி வேகவைத்து மாதக்கணக்கில் சேமித்தார்கள், அதிலிருந்து வந்த முறை. சின்ன மண்கிண்ணத்தில் எண்ணெய்க்குள் ஒன்பது பல் கிடந்தது. நம் மலைப்பூண்டின் பல் சின்னது, நெடி அதிகம். உரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வரும். அந்த நெடியில் துளிகூட மிச்சமில்லை. கத்தி முனையால் தொட்டதும் நசுங்கியது. ரொட்டியில் தடவிக் கடித்தால் இனிப்பு. அம்மா ஒரு பல்லை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கி, மோந்து பார்த்து, "நம்ம பூண்டா இது?" என்று கேட்டார்கள். நான் இறக்கிய மூட்டைதான்.

மீன் விஷயத்தில், மூணாறு மலையின் குளிர்ந்த ஓடைகளில் வளர்க்கும் டிரவுட் கிடைத்தால் 'மூனியேர்' முறையில் கேளுங்கள். மூனியேர் என்றால் மாவு மில்காரரின் மனைவி. மீனை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து தருவது. வெண்ணெய் லேசாகச் சிவந்து நெய் காய்ச்சும்போது வரும் வாசனை வரும். நமக்கு உடனே பிடித்துப்போகிற பதார்த்தம் இதுதான். முள் இருக்கும், பிள்ளைகளுக்கு எடுத்துக்கொடுக்கவேண்டும்.

ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, வாத்து நெஞ்சு மூன்றையும் அவர்கள் உள்ளே சிவப்பாக விட்டுத்தான் தருவார்கள். 'ஸேஞான்' என்றால் ரத்தச் சிவப்பு, 'ஆ புவேன்' என்றால் நடுவில் இளஞ்சிவப்பு, 'பியேன் க்வீ' என்றால் நன்றாக வெந்தது. எதுவும் சொல்லாவிட்டால் சிவப்பாகத்தான் வரும். "நல்லா வேகட்டும்" என்று சொல்ல வெட்கப்படவேண்டாம். காசு நம்முடையது, வயிறும் நம்முடையது. மிளகுச் சாஸில் வரும் கறியானால் எங்கள் இடுக்கி மிளகுதானா என்று கேட்டுப் பாருங்கள், மாஸ்டர்கள் ஆசையாகப் பதில் சொல்கிற கேள்வி அது.

மூன்று பேர் போனால் மூன்று விதமாகச் சொல்லுங்கள். பக்கத்துத் தட்டில் எடுத்துச் சாப்பிடுவது மரியாதைக் குறைவோ என்று பயம் வேண்டாம். "ஷேர் பண்ணிக்கிறோம், சின்னத் தட்டு கொடுங்க" என்றால் கொண்டுவந்து வைப்பார்கள்.

மேசையில் உட்கார்ந்த பிறகு

துணியை விரித்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள். கரண்டிகள் வரிசையாக இருந்தால் வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுக்கவேண்டும், ஒவ்வொரு தட்டுக்கும் உள்நோக்கி வரவேண்டும். இடக்கையில் முள், வலக்கையில் கத்தி. சாப்பிட்டு முடித்துவிட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துத் தட்டில் வையுங்கள், எடுத்துக்கொள்வார்கள். பாதியில் ஓய்வென்றால் பிரித்து வையுங்கள். சைகை இவ்வளவுதான்.

ரொட்டியைக் கையால்தான் பிய்க்கவேண்டும், அவர்கள் வழக்கமே அதுதான். கத்தியால் வெட்டினால்தான் பழக்கமில்லாதவர் என்று தெரியும். தட்டில் மிஞ்சிய சாஸை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதும் பிரான்சில் வீட்டுக்கு வீடு நடப்பது. இலையில் ரசம் வழித்துச் சாப்பிடும் நமக்கு இது சொல்லித்தரவேண்டியதில்லை. பெரியம்மாவுக்கு முள்கரண்டி ஒத்துவரவில்லை. கரண்டி ஒன்று கேட்டு வாங்கிக் கொடுத்தேன், நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

கேட்காமலே முதலில் ஒரு வாய் அளவுக்கு ஏதோ வரும். 'அமூஸ் பூஷ்' என்பார்கள், அதற்குக் காசு கிடையாது. தண்ணீருக்குப் பாட்டில் நீட்டினால், சாதாரணக் குடிதண்ணீர் போதும் என்று சொல்லலாம். இந்தப் பக்கம் பல கடைகளில் பதிமுகக் கட்டை போட்ட இளஞ்சிவப்பு வெந்நீர் வைக்கிறார்கள், மூணாறு குளிருக்கு அதைவிட நல்லது வேறில்லை. மது வேண்டுவோர் கவனிக்க, கேரளத்தில் குடிக்க வயது வரம்பு 23.

ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் கால் மணி நேரம்கூட ஆகும். மறந்துவிட்டார்கள் என்று சர்வரை அதட்டாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு வரை பிரான்சிலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசை முழுக்கப் பரப்பித்தான் வைத்தார்கள், நம் பந்தி இலை மாதிரி. ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாகக் கொண்டுவரும் வழக்கம் ரஷ்யர்களிடமிருந்து வந்தது, அதற்கு ரஷ்ய முறை என்றே பெயர். முதல் தட்டில் கொஞ்சமாக இருப்பதைப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு விலை" என்று அம்மா முணுமுணுத்தார்கள். மூன்றாவது தட்டு முடியும்போது அவர்களால் எழ முடியவில்லை. வெண்ணெயும் க்ரீமும் நிதானமாகத்தான் வயிற்றில் உட்காரும்.

ஏதாவது சரியில்லை என்றால் இரண்டு வாய்க்குள் சொல்லிவிடுங்கள். கறி வேகவில்லை, உப்பு அதிகம், மீன் வாடை என்று. பாதிக்கு மேல் சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் மாற்றித்தர அவர்களுக்கும் வழியில்லை. சத்தம் போடாமல் சர்வரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் மாஸ்டர்கிட்ட காட்டுங்க" என்றால் போதும்.

இனிப்பு

வயிறு நிறைந்துவிட்டது என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். 'சூஃப்லே' வேண்டுமானால் பிரதான உணவு சொல்லும்போதே சொல்லிவிடவேண்டும். முட்டை நுரையை உப்பவைத்து அடுப்பிலிருந்து நேராக மேசைக்கு வருவது, இருபது நிமிடமாவது பிடிக்கும், வந்ததும் அமுங்கிவிடும்.

எங்கள் ஊர்ச் சிறப்பு, மறையூர் வெல்லத்தில் செய்த 'க்ரெம் காரமெல்'. மறையூர் வெல்லத்தை அச்சில் போடுவதில்லை. கொப்பரையிலிருந்து இறக்கிச் சூடு தாங்குகிற பதத்தில் கையாலேயே உருட்டுகிறார்கள். ஒவ்வொரு உருண்டையிலும் விரல் பதிந்த தடம் இருக்கும். சர்க்கரைப் பாகு மாதிரி அதைக் கருக விடமுடியாது, சீக்கிரம் கசந்துவிடும். அதனால் மாஸ்டர் லேசாக இளக்கி மட்டும் அச்சின் அடியில் ஊற்றுகிறார். மேலே பாலும் முட்டையும் சேர்த்த கலவை. கவிழ்த்ததும் வெல்லப்பாகு தட்டெல்லாம் இறங்கி ஓடும். ஆலைப் பக்கம் காற்றில் வருமே ஒரு வாசனை, அது அப்படியே தட்டிலிருந்து வந்தது.

'க்ரெம் ப்ரூலே'யில் மேலே சர்க்கரை கண்ணாடியாக இறுகியிருக்கும், கரண்டியால் தட்டி உடைக்கவேண்டும். உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் உண்மையான வனிலா விதை. வனிலா இடுக்கியிலும் விளைகிறது. பூத்த அன்றே ஒரு குச்சியால் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் சேர்க்கவேண்டும், எங்கள் உறவுக்காரர்கள் வைத்திருந்த கொடியில் நானே செய்திருக்கிறேன். அந்தக் கைமுறையை 1841இல் கண்டுபிடித்தவன் 12 வயதுப் பையன். எட்மோன் அல்பியூஸ் என்று பெயர், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ரெயூனியன் தீவில் அடிமையாகப் பிறந்தவன். அதற்குமுன் மெக்சிகோப் பக்கத்துக்கு வெளியே கொடி வளரும், பூக்கும், பெரும்பாலும் காய் பிடிக்காது. இன்றைக்கு உலகம் முழுக்க வனிலாத் தோட்டங்களில் குச்சி பிடிக்கும் ஒவ்வொரு கையும் அந்தப் பையன் காட்டிய வழியில்தான் செய்கிறது. க்ரெம் ப்ரூலே சாப்பிடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

பில்

கார்டில் இருக்கும் விலைக்கு மேல் ஜிஎஸ்டி வரும். தனி உணவகமானால் 5 சதவீதம். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் அறை விடும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகமானால் 18 சதவீதம். மூன்று பேர் 4,200 ரூபாய்க்குச் சாப்பிட்டால் தனிக்கடையில் 210 ரூபாய் வரி சேர்ந்து 4,410. பெரிய ஓட்டலில் 756 ரூபாய் சேர்ந்து 4,956. வித்தியாசம் சின்னதல்ல. போனில் பேசும்போதே வரி எத்தனை சதவீதம் என்று கேட்டுவிடுங்கள்.

'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அது அரசு வரி கிடையாது. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வேண்டாமென்றால் எடுத்துவிடச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நன்றாகக் கவனித்த சர்வருக்கு நம் கையால் கொடுப்பது வேறு விஷயம், அதை நான் தவறாமல் செய்கிறேன்.

பில் கட்டியதும் உடனே எழாமல், மாஸ்டரைப் பார்க்கமுடியுமா என்று கேளுங்கள். கூட்டம் இல்லாத மதியத்தில் பெரும்பாலும் வெளியே வருவார்கள். அன்றைக்கு எங்கள் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அம்மா பக்கத்தில் நின்றார். மழைக்காலத்தில் பூண்டு முளைத்துவிடுகிறது, எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டார். "தாளோட சேத்துக் கத்தையாக் கட்டி அடுப்புக்கு மேல பரண்ல தொங்கவிடுங்க தம்பி, புகை படணும்" என்றார்கள் அம்மா. சமையலறையில் விறகடுப்பு இல்லையே என்று அவர் யோசித்தார். "அப்ப எங்க வீட்லயே தொங்கட்டும், வேணும்கிறப்ப இவன் கொண்டுவருவான்" என்று முடித்துவிட்டார்கள். இப்போது எங்கள் பரணில் நாற்பது கத்தை அவர் கணக்கில் தொங்குகிறது.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். டாப் ஸ்டேஷன் தாண்டும்போது பனி இறங்க ஆரம்பித்தது, கேட் திறந்திருந்தது.